ஸ்டியரிங்குக்கு நேர் மேலே

ஜூன் 3, செவ்வாய்

ஆபீசிலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். வேலைதான் கிடைத்துவிட்டது என்று அம்மா என் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி அனுப்பினாள். வேலை இல்லை. தேயிலை எஸ்டேட்டின் போர்வீல் ஜீப்பில் ஒரு டேப்லட் பொருத்த வேண்டுமாம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறவள் இந்த எஸ்டேட்டில் நான் ஒருத்திதான், அதனால் ஞாபகம் வந்திருக்கிறது.

புதிதாக வந்த மேனேஜருக்கு எந்த ஃபீல்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்தவர்களைக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடும். எனவே எஸ்டேட் பாதை முழுவதையும் வரைபடமாக்கித் திரையில் ஏற்றியிருக்கிறார்கள். திரை வழி சொல்லும், டிரைவர் போக வேண்டும். மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் கூப்பிடுகிறோம். வெள்ளைக்காரன் போனபோது நாற்காலியை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை.

அந்த ஜீப்பின் டிரைவர் என் அப்பா, சவரிமுத்து. காலையில் இலை எடுக்கும் பெண்களை மேல் ஃபீல்டுகளுக்கு ஏற்றிப் போவார். மத்தியானம் துரையை. சாயந்திரம் மறுபடி பெண்களை.

டேப்லட் பற்றிச் சொன்னேன். "எனக்கு வழி தெரியாதா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 5, வியாழன்

கண்ணாடியில் ரப்பர் வைத்து ஒட்டும் ஸ்டாண்டு ஒன்று ஆபீசில் கொடுத்தார்கள். சமவெளியில் கார் ஓட்டுகிறவர்களுக்குச் செய்த சாமான். இங்கே காலைப் பனியில் கண்ணாடி வியர்க்கிறது. ஒட்டினேன், ஃபேக்டரி வளைவு வரை நின்றது, அப்புறம் கழன்று அப்பாவின் மடியில் விழுந்தது. அப்பா பயங்கரமாகத் திடுக்கிட்டார். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டார்.

இரும்புப் பட்டையை வளைத்து நானே ஒரு தாங்கி செய்வதென்று முடிவு.

ஜூன் 7, சனி

ஃபேக்டரி பட்டறையில் பட்டையை எல் வடிவில் வளைத்து, துளை போட்டு, டாஷ்போர்டில் நட்டு போட்டு இறுக்கினேன். நடுவில் பழைய டயர் டியூப்பை வெட்டி வைத்தேன், குலுக்கல் திரைக்கு ஏறாமல் இருக்க. மின்சாரத்தை நேரே பேட்டரியிலிருந்து எடுக்காமல் ஃபியூஸ் வழியாக எடுத்தேன். சுத்தமான வேலை. யாரும் பாராட்டவில்லை, நானே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கும் எனக்கும் சண்டை. நான் டாஷ்போர்டின் நடுவில், கியர் கம்பிக்கு மேலே வைத்தேன். அதுதான் முறை. பாதையை மறைக்காது, டிரைவர் லேசாகக் கண்ணைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். அப்பா கழற்றச் சொன்னார். ஸ்டியரிங்குக்கு நேர் மேலே வேண்டுமாம்.

"அங்க வெச்சா ரோட்ட மறைக்கும்பா."

"ஓரத்துல வெச்சா நான் எப்பிடிப் பாக்குறது? நேரா வெய்யி."

பிடிவாதம். கழற்றி நேராக வைத்துத் தொலைத்தேன். டாஷ்போர்டில் இரண்டு வெட்டித் துளைகள் மிச்சம்.

திரையின் மூலையில் எறும்பு அளவில் இருக்கும் பேட்டரி எண்ணைத் தூரத்திலிருந்தே படித்தார். கழுகுக் கண். வாய் மட்டும்தான் முரடு.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து சமையல். அப்பா நேற்றைய சண்டையை இன்னும் விடவில்லை. அடுப்படி வாசலில் அவர் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னை வைத்துக்கொண்டே அம்மாவிடம், "இந்த ஆக்னஸ் எங்க போய்த் தொலஞ்சா?" என்று கேட்டார். நானும் பதில் சொல்லவில்லை. நடிக்கத் தெரிந்தவர் அவர் மட்டுமா?

அம்மா வழக்கமான பாட்டைத் தொடங்கினாள். இந்த லைன் வீடு எங்களுடையது கிடையாது. குடும்பத்தில் ஒருவர் பேராவது எஸ்டேட்டில் பதிந்திருக்கும் வரை இருக்கலாம். பேர் போனால் வீடு போகும். அம்மா கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு பேரை எடுத்துவிட்டாள். இப்போது அப்பாவின் பேர் மட்டும்தான். அவர் ஓய்வு பெறுவதற்குள் நான் பேர் போட்டு இலை எடுக்கப் போக வேண்டும் என்கிறாள்.

போட மாட்டேன். அம்மாவின் அம்மா இந்த வீட்டுக்காக இலை எடுத்தாள், அம்மா எடுத்தாள். ஒண்டிக்கொள்ள ஓர் அறை தந்துவிட்டு மூன்று தலைமுறையின் முதுகை வாங்கிக்கொள்கிறவர்களுக்கு என் முதுகு கிடையாது. கோயம்புத்தூரில் நான்கு கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஒன்று கிடைத்தாலும் மூன்று பேரும் இறங்கிவிடலாம்.

ஜூன் 11, புதன்

சோதனை ஓட்டம். நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். பின்னால் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் மூத்தவள் பக்கத்து வீட்டுப் பவுனுத்தாய் அத்தை.

டேப்லட் நன்றாகவே வழி சொன்னது. ஆனால் கேட்டால்தானே? மேல் பாதை தொடங்கியதிலிருந்து இந்தப் பெண்கள் ஜீப்பின் தகரத்தைத் தட்டிக்கொண்டே வருகிறார்கள். ஒரு நேரம் இடப்பக்கம், ஒரு நேரம் வலப்பக்கம், ஒரு நேரம் பட்பட்டென்று மழை கொட்டின மாதிரி. நடுவில் சிரிப்பு, ஊர்வம்பு. என்ன அத்தே இது என்றேன்.

"ஒங்கப்பன் தூங்கிரப்படாதுல்ல. பொம்பளைங்க தாலாட்டுனா தூங்கத்தான செய்வான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நேராகப் பார்த்து ஓட்டினார்.

ஜூன் 19, வியாழன்

துரை ஆபீசில் கூப்பிட்டு, திரையின் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று டிரைவர் சொல்கிறாராமே என்றார். அப்பா அப்படிப் புகார் சொல்கிறவரா? ஆச்சரியமாக இருந்தது. ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கித் தரச் சொல்லி, அப்பாவின் தலைக்குப் பின்னால் பொருத்தினேன்.

பிறகு காலையில் பேர் கூப்பிட்டு மஸ்டர் போடும் இடத்துக்குப் போய்ப் பெண்களிடம் சொன்னேன். இனிமேல் தகரத்தைத் தட்டாதீர்கள், குரல் காதில் விழவில்லை.

பவுனுத்தாய் அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தப் பொட்டிக்கு ரோடு நல்லாத் தெரியுமா புள்ள?"

"எல்லாம் தெரியும் அத்தே. வானத்துல இருந்து பாக்குது."

"ஓரம் தெரியுமா?"

"தெரியும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை கூடையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "அப்ப நமக்கு ஒரு வேல மிச்சம்டி," என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

கீழே டவுனில் இலவசக் கண் முகாம். அம்மா அப்பாவைப் போகச் சொன்னாள். அவர் போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரால் அலைய முடியும்?

தவிர, எஸ்டேட்டிலேயே வருடா வருடம் டிரைவர்களுக்கு உடல் சோதனை உண்டு. டாக்டர் தலையை நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார். டிரைவருக்குக் கண் இருக்கிறதா என்று பார்க்கக்கூட அவர் நிமிர வேண்டாம். பின்னால் ஏறுவது இலை எடுக்கிறவர்கள்தானே.

அப்பாவுக்கு ஒன்றுமில்லை. நாளிதழ் முழுவதையும் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார்.

ஜூலை 2, புதன்

மழை பிடித்துவிட்டது. துணி காயவில்லை. கம்பெனிகளிடமிருந்து பதில் இல்லை.

வரைபடத்தில் நமக்கு வேண்டிய இடங்களில் எச்சரிக்கை வைக்கலாம். வைத்தால், அந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே குரல் சொல்லும். மேல் பாதையின் எல்லா வளைவுகளுக்கும் வைத்தேன். "வலப்பக்கம் ஒதுங்கவும்." "இடப்பக்கம் பள்ளம்." கல்பாலம், தண்ணீர் பாயும் இடம், பாறை துருத்திக்கொண்டிருக்கும் இடம், எல்லாவற்றுக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு பாதை முழுக்க நடந்தே குறித்தேன். அட்டை கடித்து இரண்டு காலும் ரத்தம்.

இதையெல்லாம் யார் செய்யச் சொன்னார்கள் என்று அம்மா கேட்டாள். பனிமூட்டக் காலத்துக்கு உதவும், படித்தது துருப்பிடிக்காமலும் இருக்கும் என்றேன்.

இன்று காலை வண்டி எடுக்கும் முன் அப்பா ஒருமுறை மட்டும், "கல்பாலத்துக்கு முன்னாடி இன்னுங் கொஞ்சம் சீக்கிரம் சொல்லச் சொல்லு," என்றார். மாற்றி வைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

மழை. எழுத ஒன்றுமில்லை. சாயந்திரம் ஜீப் வரும் சத்தம் கேட்கும்வரை காப்பி குடிக்கத் தோன்றவில்லை.

ஜூலை 14, திங்கள்

வாசலில் கட்டியிருந்த பவுனுத்தாய் அத்தையின் ஆட்டின் மேல் அப்பா தடுக்கி விழுந்தார். ஆட்டைக் கண்ட இடத்தில் கட்டுகிறார்கள். பவுனுத்தாய் அத்தையிடம் சொன்னேன். "அது அங்கதான கெடக்கு மூணு வருசமா," என்று சொல்லிவிட்டு ஆட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டினாள். கோபித்துக்கொள்ளவில்லை.

ஜூலை 23, புதன்

நேற்று ஜீப் கவிழ்ந்தது.

மேல் பாதையில், கல்பாலம் தாண்டி. முந்தின நாள் மழையில் இடப்பக்கம் ஓரம் அப்படியே சரிந்து போயிருந்தது. வரைபடத்தில் அது முழுப் பாதை. திரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அதற்கு என்ன தெரியும்? இடது பின்சக்கரம் அந்தரத்தில் இறங்கி, வண்டி சாய்ந்து, ஒரு சில்வர் ஓக் மரத்தில் முட்டி நின்றது. மரம் இல்லையென்றால் யாரும் இல்லை. பெண்கள் குதித்துவிட்டார்கள். பவுனுத்தாய் அத்தை குதிப்பதற்குள் வண்டியின் ஓரம் அவள் காலின் மேல் படுத்துவிட்டது.

அப்பாவுக்கு நெற்றியில் தையல். அத்தையை ஃபேக்டரி வேனில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள்.

நான் பொருத்திய தாங்கி அசையவில்லை என்று பட்டறைக்காரர் வந்து சொன்னார். நல்ல இறுக்கம் என்றார்.

ஜூலை 25, வெள்ளி

அத்தைக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 29, செவ்வாய்

விசாரணை. துரை ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லோரும் ஒரே வார்த்தை: காட்டுமாடு குறுக்கே வந்தது, டிரைவர் ஒடித்தார். எந்த நிறம், எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் ஓடியது, எல்லாம் ஒன்றுபோல. போலீஸ் வருவதற்கு முன்பே, மழையில் வழியோரம் உட்கார்ந்து அவர்கள் பேசி வைத்திருக்க வேண்டும். ஒருத்தி ரத்தத்தில் கிடக்கும்போது.

துரைக்கு மனம் குளிர்ந்துவிட்டது. டேப்லட்டின் பதிவில் வேகம் குறைவு, பாதை சரி. கம்பெனி மேல் தவறில்லை, டிரைவர் மேல் தவறில்லை, எல்லாம் காட்டின் தவறு. இந்த வசதி இல்லாவிட்டால் உன் அப்பா மேல் பழி விழுந்திருக்கும் என்று என்னிடமே சொன்னார்.

தையல் பிரித்ததும் அப்பா மறுபடியும் ஜீப்பை எடுக்கலாம். அதுவரை ஃபேக்டரி வேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கஞ்சியும் பிளாஸ்கும் கொண்டுபோனேன். போர்வை ஒரு பக்கம் சட்டென்று தட்டையாகிவிடுகிறது. அங்கே பார்க்காமல் இருக்க முயன்றேன்.

காட்டுமாடு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டேன். அவளிடமாவது உண்மை வருமா என்று.

"அதுவா? ஓம் பொட்டிக்குள்ளருந்துல்ல வந்துச்சு," என்றாள். சிரிக்கவும் செய்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். அப்பாவுக்கு இரண்டு வருடமாக ஓரம் தெரியாது. குழாய்க்குள் பார்க்கிற மாதிரி நேரே மட்டும்தான் தெரியும். அவள் முதலில் கவனித்து மற்றவர்களுக்குச் சொன்னாள். சக்கரம் இடது ஓரத்துக்குப் போனால் இடது தகரம், வலது ஓரத்துக்குப் போனால் வலது தகரம். நிறுத்த வேண்டுமானால் எல்லோரும் சேர்ந்து. அப்பாவிடம் யாரும் எதுவும் பேசி முடிவு செய்யவில்லை. அவர்கள் தட்டினார்கள், அவர் திருப்பினார்.

"ஏன் அத்தே? உங்க உசுரு இல்லையா அது?"

"ஒங்கப்பன் போனா காண்ட்ராக்ட்டு டிரைவர் வருவான். இல எட போட நேரமானா மழையில விட்டுட்டுப் போயிருவான். ஒங்கப்பன் நிப்பாரு. இந்தக் காட்டுல எங்களுக்காக நின்ன ஆளு அவரு ஒருத்தருதான்."

"என்கிட்ட ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்."

"நீ கேட்டியா?"

பிறகு, கோபமில்லாமல், கணக்கு சொல்வது மாதிரிச் சொன்னாள்: "பொட்டிக்கு ஓரம் தெரியும்னு சொன்ன. படிச்ச புள்ள சொல்லுது. கைய மடக்கிக்கிட்டோம்."

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஏற்கெனவே தெரியுமா தெரியாதா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அப்பாவுக்குத் தையல் பிரித்தாயிற்று. திங்கட்கிழமை வண்டி எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பெண்களும் ஏறத் தயார். காட்டுமாடு என்று சாட்சி சொன்னவர்கள் இனி வேறு எதைச் சொல்லி ஏறாமல் இருப்பார்கள்? பொய் அவர்களைக் காப்பாற்றவில்லை, அதே வண்டியில் திரும்ப ஏற்றிவிடுகிறது.

அப்பா பின்வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை போக வேண்டாம் என்றேன். எனக்குத் தெரியும் என்றேன்.

"என்ன தெரியும்? நேரா நல்லாத் தெரியுது. நேரா தெரியிற வரைக்கும் ஓட்டுவேன்."

"பவுனுத்தாய் அத்தை நேரா இல்லப்பா. பின்னால நின்னாங்க."

துண்டை முகத்தில் வைத்தவர் எடுக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்தே பேசினார்.

"நான் எறங்குனா நீ பேர் போடணும்டி. ஒங்கம்மா விடமாட்டா, வீடும் விடாது. ஒனக்கு ஒரு வேல கெடைக்கட்டும்னுதான் தள்ளிக்கிட்டு வந்தேன். இன்னுங் கொஞ்ச நாளு."

நான் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டேன். பிறகும் அவர் யாருமில்லாத இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆபீசுக்குப் போனேன். அப்பாவுக்குக் கண் சரியில்லை, வெளி டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். எப்போதிலிருந்து என்று துரை கேட்டார். அடிபட்டதிலிருந்து என்றேன். இரண்டு வருடம் என்று சொன்னால் காட்டுமாடு செத்துவிடும், பெண்கள் பொய்ச்சாட்சி ஆகிவிடுவார்கள், அத்தைக்கு வர வேண்டிய நஷ்டஈட்டில் கை வைப்பார்கள். எனக்கும் ஒரு காட்டுமாடு தேவைப்பட்டது.

அவர் வருத்தம் தெரிவித்தார். உடல்தகுதி இல்லை என்று அப்பாவை விடுவிப்பார்களாம். வீட்டைக் காலி செய்ய வேண்டும், அல்லது வாரிசு ஒருவர் பேர் போட வேண்டும். அந்த ஜீப்பை ஓட்டும் வேலையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். லைசென்ஸ் இருக்கிறது, கற்றுக்கொடுத்தது அப்பா. மேல் பாதையை ஒவ்வொரு அடியாக நடந்து குறித்தவள் நான். துரை சத்தமில்லாமல் சிரித்தார். லேடீஸுக்கு ஃபீல்டு வேலைதான் என்றார். தனக்கு அதில் ஆட்சேபம் எதுவுமில்லை, வழக்கம் அப்படி என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே வெளியே போனார். இதுவரை எங்கள் முன்னால் அவர் சுவரைத் தொட்டு நடந்ததில்லை. இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்றாகிவிட்டது போல.

ஆகஸ்ட் 13, புதன்

கோயம்புத்தூர் டாக்டர் கண்ணில் அழுத்தம் என்றார். இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், போனது திரும்பாது. இரண்டு வருடத்துக்கு முன் வந்திருந்தால் என்று தொடங்கினார். அப்பா குறுக்கிட்டு, சொட்டு மருந்து எத்தனை வேளை என்று கேட்டார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பேர் போட்டாயிற்று. அம்மாவின் பழைய கூடை, செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றிக்கொள்ள அம்மாவின் பழைய படுதா. காண்ட்ராக்ட் டிரைவர் முன்பக்கம் பாட்டு போட்டுக்கொண்டு ஓட்டினான். என்னைப் பின்னால், நடுவில், கம்பியைப் பிடிக்க வாகான இடத்தில் நிற்க வைத்தார்கள். முதல் நாள் என்பதால் யாரும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

விரல் நுனிகளெல்லாம் வெடித்துவிட்டன. நான் எடுத்த இலையில் பாதி முற்றல் என்று கழித்துவிட்டார்கள். நாலு மணிக்கு நல்ல மழை. இலையை எடை போட்டு வருவதற்குள் ஜீப் போய்விட்டது. எல்லோரும் நடந்தே இறங்கினோம்.

அப்பா இன்னும் என்னிடம் பேசவில்லை. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, அம்மா மேசையில் வைத்திருக்கிறாள். பிரிக்கவில்லை. கிடைத்தது என்றாலும் கிடைக்கவில்லை என்றாலும் நாளைக்கு ஆறரை மணிக்கு மஸ்டர்.

பேனா பிடிக்க முடியவில்லை. வீடு இருக்கிறது.